தொரையைத் தெரியாது என்று சொன்னேன்

1

இங்கிலாந்திலும் வீடில்லாமல் ரோட்டில் படுக்கிறவர்கள் உண்டா, அவர்களுக்கும் ஜெபக்கூட்டம் நடக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். குட்ஷெட் சபையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் சந்தோஷம் தரும்படியாக எழுதலாமென்று மூன்று தடவை உட்கார்ந்தேன், முடியவில்லை. இங்கே வந்து ஐந்து வருஷம் முடிந்த இந்த மாசம்வரை என்ன நடந்ததோ அதையே எழுதுகிறேன். படித்த பிறகு சபைப் புத்தகத்திலிருந்து என் பெயரை அடித்துவிட வேண்டுமென்று தோன்றினால் அடித்துவிடுங்கள்.

இது லங்காஷயரில் ஒரு நூல்மில் ஊர். காலை ஷிப்டுக்குப் போகிறேன். மெஷின் சத்தம் நம்ம ஊர்ச் சத்தமேதான், குளிர் மட்டும் வேறு. சனிக்கிழமை மத்தியானம் சர்ச் ஹாலில் வீடில்லாதவர்களுக்குச் சூப்பும் ரொட்டியும் கொடுக்கிறோம். முப்பது பேர் போல வருவார்கள். மூடிப்போன மில்களில் வேலை பார்த்தவர்கள், குடியில் குடும்பத்தை விட்டவர்கள், பட்டாளத்திலிருந்து வந்து ஒரு இடத்தில் தங்க முடியாதவர்கள். பஸ் ஸ்டாண்டுக் கொட்டகையிலும் பாலத்தடியிலும் படுக்கிறார்கள். என் மனைவி செல்லி பின்பக்கத்து அடுப்படியில் சூப்பு வைக்கிறாள். நான் ஊற்றுகிறேன். பதினோரு வயது மகள் ரூத் ரொட்டி கொடுக்கிறாள். சாப்பிட்ட பிறகு இருக்க விருப்பமுள்ளவர்கள் இருப்பார்கள், ஐந்தாறு பேர். வேதம் வாசித்து ஜெபிப்போம். அதில் ஒருவர் மூன்று மாசமாகக் குடியைத் தொடவில்லை. இன்னொருவர் பதினாறு வருஷம் கழித்துத் தன் தங்கைக்குக் கடிதம் எழுதினார். ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில், உண்டு என்பதுதான்.

இன்னும் என் நாக்கை விட்டு நம்ம "ங்க" போகவில்லை. "எஸ்ங்க", "சூப்புங்க" என்றுதான் வருகிறது. வரிசையில் நிற்கிறவர்கள் அதையே பெயராக்கி என்னை "மிஸ்டர் இங்கா" என்று கூப்பிடுகிறார்கள். ரூத்துக்கு அது வெட்கம். தமிழில் என்ன கேட்டாலும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பாஷை, அவள் ஒரு பாஷை.

2

நான் எப்படி உங்கள் நடுவில் வந்தேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

அன்னூர்ப் பக்கம் காட்டுவேலை செய்த குடும்பம் எங்களுடையது. கலியாணமானதும் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் சேர்ந்தேன். அப்போது என் பெயர் மாரப்பன். மில்லுக்குப் பின்னால் லைன் வீடு கொடுத்தார்கள், ஒரு அறை, முன்னால் ஒரு சாக்கடை. செல்லி அதைச் சாணி போட்டு மெழுகி அரண்மனை மாதிரி வைத்திருந்தாள்.

எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றும் மறுநாளும் நான் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது மேஸ்திரி எல்லார் முன்னாலும் என் பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொன்னான். நான் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டேன். நாலு நாள் விசாரணை என்று இழுத்தார்கள். கடைசியில் ஸ்பின்னிங் மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவன் வெள்ளைக்காரன், இந்த லங்காஷயர்க்காரன். சுதந்திரம் வந்து அத்தனை வருஷமாகியும் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருந்தான். மில் தமிழ் பேசுவான். நான் சொன்னதை அவன் கேட்கவே இல்லை. காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "லைன் வீடு இன்னைக்கே காலி. போ வெளியே," என்றான்.

"தொரை, ஊட்டுல ஏழு நாளுக் கொழந்தைங்க. மழை பெய்யுதுங்க. நாலு நாளு டைம் குடுங்க," என்று காலில் விழுந்தேன்.

"போதும்," என்றான். அந்த ஒரு வார்த்தைதான். வாட்ச்மேன்கள் வந்து சட்டிபானையைச் சாக்கடை ஓரம் வைத்தார்கள்.

ஐப்பசி மழை. உறவுக்காரர் வீட்டில் தீட்டு என்று உள்ளே விடவில்லை. ரயிலடிப் பக்கம் குட்ஷெட்டை ஒட்டி ஒரு பஞ்சுக் குடோன் பூட்டிக் கிடந்தது. அதன் முன்வாசல் தகரக் கூரைக்கடியில் பத்திருபது பேர் படுத்திருந்தார்கள். நாங்களும் போய் ஒண்டினோம். ஐந்தாம் நாள் காலையில் குழந்தை அசையவில்லை. செல்லி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு மத்தியானம் வரை ஒருவரையும் தொட விடவில்லை.

புதைக்கிற இடத்தில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். "விலாசம்?" என்றார். இல்லை என்றேன். "விலாசமில்லாம எழுத முடியாதுப்பா," என்றார். லைன் வீட்டு நம்பரைச் சொன்னேன். எங்களை விரட்டின அந்த வீட்டு நம்பரில்தான் என் குழந்தையின் சாவு எழுதப்பட்டிருக்கிறது. பெயர் வைத்திருக்கவில்லை. "கண்ணு"தான் அதற்குப் பெயர். அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

3

மில்லில் பஞ்சு பேல் அறுக்கிற கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. அதை இடுப்பில் சொருகிக்கொண்டு மாஸ்டர் பங்களாவுக்குப் போகிற ரோட்டில், புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் அவன் மனைவியோடு நடந்து போவான். அவள் இல்லாமல் தனியாக வருகிற ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன்.

இரண்டாம் நாள் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குடோன் வாசலில் எங்களுக்கு எதிர்மூலையில் படுக்கிறவன், தாவீது. என் வயதுதான் இருக்கும். ஜட்கா வண்டி ஓட்டியவன். குதிரை செத்த பிறகு செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். காலையில் தைத்துக்கொண்டே வேதத்தைச் சத்தமாக வாசிப்பான். கேட்கிறவர்கள் கேட்கலாம்.

"எதுக்கு வந்தே?" என்றேன்.

"எனக்கும் இங்க ஒரு சோலியுமில்லீங்க, மாரண்ணா. நீங்க தனியா உக்காந்திருக்கறீங்க. கூட இருந்துட்டுப் போறேன்."

அவனும் சாயங்காலச் சோலியைப் போட்டுவிட்டு ஒன்பது நாள் வந்தான். ஒரு வார்த்தை போதிக்கவில்லை. குதிரையைப் பற்றிப் பேசினான், மேட்டுப்பாளையம் மார்க்கெட்டில் பாக்கு மூட்டை இறக்கியதைப் பற்றிப் பேசினான். பத்தாம் நாள் மாஸ்டர் தனியாக வந்தான். நான் எழுந்தேன். தாவீது என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தது மட்டும்தான். எனக்குப் பயந்து பிடிக்கவில்லை, எனக்காகப் பயந்து பிடித்தான். மாஸ்டர் எங்களைப் பாராமலே தாண்டிப் போனான்.

"அவனை இன்னைக்கு உட்டுட்டேன். நாளைக்கு உடமாட்டேன்," என்றேன்.

"நாளைக்கும் வாரனுங்க," என்றான் தாவீது.

எப்போது மனம் திரும்பினேன் என்று என்னைக் கேட்டால் நாள் சொல்லத் தெரியாது. கத்தியைக் கொடு, தோல் அறுக்க வேண்டும் என்று ஒரு நாள் தாவீது கேட்டான். கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை. செல்லிதான் எனக்கு முன்னால் வேதம் கேட்க உட்கார்ந்தாள். பிறகு எழுத்துக் கூட்டினாள். பிறகு மற்றவர்களுக்கு வாசித்தாள். அந்தத் தகரக் கூரைக்கடியில் எங்களுக்கென்று ஒரு ஒழுங்கு வந்தது. மழை வந்தால் சுவரோரம் சீக்காளிக்கு. கிடைத்ததைத் தனியாகத் தின்னக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ள ஒருவர். குடித்துவிட்டு வந்தவனை வெளியே தள்ளாமல் நடுவில் படுக்க வைத்தோம்.

வெள்ளைச் சட்டை போட்ட ஊழியக்காரர் ஒருவர் வந்து, "சீஷத்துவம் என்றால் என்ன என்று உங்களில் யாராவது சொல்லுங்கள்," என்று கேட்டார். தாவீதுதான் சொன்னான்: "பக்கத்துல படுத்திருக்கறவன் மூச்சு உடறானான்னு காலையில எந்திரிச்சுப் பாக்கறதுங்க."

அந்த ஊழியக்காரர்தான் எங்களை மேட்டுப்பாளையம் கூட்டிப்போய் பவானியில் ஞானஸ்நானம் கொடுத்தார். இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, "எல்லாரையும் மன்னித்தாயா?" என்றார். "மன்னிச்சுட்டனுங்க," என்றேன். முங்கி எழுந்தேன், மத்தேயு ஆனேன். கரையில் தாவீது என்னையே பார்த்தான். நான் சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

4

இரண்டு வருஷத்தில் வேறு மில்லில் வேலை கிடைத்தது. ரூத் பிறந்தாள். அதற்குள் மாஸ்டர் மனைவி செத்து, அவன் மில்லை விட்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டான். அவன் ஊர்ப் பெயர் எனக்கு மனப்பாடம். எங்கள் மெஷின்களின் இரும்பில் அந்த ஊர்ப் பெயரைத்தான் வார்த்திருந்தார்கள். எட்டு மணி நேரமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நூலைச் சேர்ப்பேன். இங்கிலாந்தில் மில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எழுதிப் போட்டேன். எந்த ஊர் என்று கேட்டார்கள். அந்த ஊரைச் சொன்னேன்.

பிழைப்புக்காகப் போகிறேன் என்று நீங்களெல்லாரும் ஜெபித்து வழியனுப்பினீர்கள். பாஸ்போர்ட் ஆபீசில் முன்பு இருந்த விலாசங்களையும் எழுதச் சொன்னபோது, குடோன் முன்வாசலையும் எழுதினேன். குமாஸ்தா சிரித்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு நீங்கள் பதினெட்டு பேர் சாட்சி சொன்னீர்கள். அந்தச் சாட்சியை நம்பித்தான் கப்பலேறினேன். நான் எதற்காக ஏறினேன் என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தாவீதுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டேஷனில் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஒம்பது நாளு கூட உக்கார ஆளு கெடைக்காதுங்க, மாரண்ணா," என்றான். அடுத்த வருஷம் அவன் செத்துப்போன செய்தி வந்தது.

இங்கே வந்த முதல் வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக நடந்தேன். வீட்டு வாசல்களில் பெயர் பார்த்தேன். பென்ஷன் வாங்குகிற பெரிய மனுஷன், தோட்டத்தில் ரோஜா வளர்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒருவனும் இல்லை.

5

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். தாடி, கிழிந்த ஓவர்கோட்டு, ஒரு கிழவன் கிண்ணத்தை நீட்டினான். இரண்டு கரண்டி ஊற்றினேன். மூன்றாவது ஊற்றப் போனபோது கையைக் குறுக்கே வைத்து, தமிழில் "போதும்" என்றான்.

என் முகத்தைப் பார்த்து, இந்தியாக்காரன் என்று சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறான். கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. குரல் அதே குரல். மற்றவர்கள் அவனை வால்டர் என்றார்கள். ஊருக்கு வந்து குடியில் எல்லாம் போய், சொந்தக்காரர்கள் செத்து, இரண்டு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் இருந்தானாம், சூப்புக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

எதிரில் போய் உட்கார்ந்தேன். "தொரை, என்னைத் தெரியுதா? மாரப்பன். பின்லைன் கடைசி வீடு," என்றேன்.

உற்றுப் பார்த்தான். "எந்த மில்?" என்றான். சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினான். என்னைத் தெரியவில்லை. ஏழு நாள் குழந்தை என்றேன், மழை என்றேன். "மழை நிறைய," என்று சிரித்தான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கப்பலேறி அவனைத் தேடி வந்திருக்கிறேன். அவனுக்கு அது வேலை நாட்களில் ஒரு நாள், அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் சூப்புக் கிண்ணத்தை என் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்காருவேன். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்வேன். "ஏழு நாள் குழந்தை. சொல்லு," என்பேன். அவன் திருப்பிச் சொல்வான். "அஞ்சாம் நாள் செத்தது. சொல்லு." சொல்வான். சொன்ன பிறகுதான் கிண்ணத்தைக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டுக் குடிப்பான். பிறகு நான் எழுந்துபோய் வேதம் வாசிப்பேன். நாலு மாசம் இப்படி நடந்தது. செல்லி பின்பக்கம் அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தை மாசக் கடைசியில் பாதிரியார் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். நகரசபை அம்மாள் ஒருத்தி ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வால்டர். நகரசபையின் முதியோர் விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. இன்னார்தான் இவர் என்று, ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு அப்படி யாருமில்லை.

"மத்தேயு, கோயம்புத்தூரில் உங்களுக்கு இவரைத் தெரியும் என்கிறார். தெரியுமா?" என்றார் பாதிரியார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஐப்பசி மழைதான் காதில் கேட்டது.

"தெரியாதுங்க," என்றேன்.

வால்டர் கோபப்படவில்லை. எழுந்து, "சரி, போறேன்," என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனான். அறை வாசலில் ரூத் ரொட்டித் தட்டோடு நின்றிருந்தாள்.

சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். பவானித் தண்ணீரில் வராத சமாதானம் அன்றைக்கு வந்தது போல இருந்தது.

6

அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. இரண்டாவது சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் ரூத் தமிழில் பேசினாள். தடுமாறித் தடுமாறிப் பேசினாள்.

"பஸ் ஸ்டாண்டுல வால்டரைப் பாத்தேன். கால்ல நியூஸ்பேப்பர் சுத்தியிருக்காரு. வெரல் கறுப்பா இருக்குது. அப்பா அவரைத் தெரியாதுன்னு சொல்லிச்சு. வாராவாரம் அவர்கிட்டத் தமிழ் பேசுது. செத்துப்போன கொழந்தை, செத்துப்போன கொழந்தைன்னு. யாரு அந்தக் கொழந்தை?"

செல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவனைக் கண்டுபிடித்தது, சொல்ல வைத்தது, தெரியாது என்றது. அவள் அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எங்கொழந்தையைப் பத்தி அவங்கிட்ட நாலு மாசம் பேசியிருக்கறீங்க," என்றாள். "இந்தப் பதிமூணு வருசத்துல எங்கிட்ட ஒரு நாளு பேசுனதில்லீங்களே."

திங்கட்கிழமை காலையில் ரூத்தைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் கூட்டிக்கொண்டு நகரசபை ஆபீசுக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை, நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் பாதிரியாரையும் வால்டரையும் வரவழைத்தாள். செல்லி தமிழில் சொல்ல, ரூத் நின்றுகொண்டு இங்கிலீஷில் சொன்னாள்.

"இந்த மனுசனை எனக்குப் பதிமூணு வருசத்துக்கும் மேலாத் தெரியும். எம்புருசனுக்கும் தெரியும், அவரு பொய் சொல்லிப்போட்டாரு. இவரு பேரு இது, கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்தாரு. நான் பிள்ளை பெத்த ஏழாம் நாளு மழையில என்னை ஊட்டை உட்டு வெளிய போட்டாரு. அஞ்சு நாள்ல கொழந்தை செத்துப்போச்சு. அவரேதான் இவரு, வேற ஆருமில்லை."

ரூத் கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தனக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்தது என்பதையே இரண்டு நாளைக்கு முன்னால்தான் அறிந்தவள்.

நகரசபை அம்மாள் பேனாவை நிறுத்தினாள். பெயரும் வருஷமும் போதும், மற்றதை எழுத வேண்டியதில்லை என்றாள்.

"எப்படித் தெரியும்னு ஃபாரத்துல கேட்டிருக்கறாங்க இல்லீங்களா?" என்றாள் செல்லி. "இப்படித்தான் தெரியும். அதை எழுதுனாக் கையெழுத்துப் போடறேன். இல்லாட்டிப் போடமாட்டேன்."

எழுதினார்கள். செல்லி, குடோன் வாசலில் கற்றுக்கொண்ட எழுத்தில், தமிழில் கையெழுத்துப் போட்டாள். பாதிரியார் அதை வால்டருக்கு முழுசாக வாசித்துக் காட்டினார். அவனும் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு போட்டான். அன்று சாயங்காலமே கட்டில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன், "மன்னிச்சுட்டியா, அம்மணி?"

"ஆரு சொன்னா?" என்றாள். "ரோட்டுல கெடக்கறப்ப நாம அழுதமா? பசி, குளுரு, நாய் வருதா, போலீசு வருதான்னு அதே நெனப்பு. ரெண்டாவது மில்லுல ஊடு குடுத்தாங்களே, கதவைச் சாத்திப் படுத்தமே, அன்னைக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. அவனை ரோட்டுல போட்டா அவனுக்குக் காலுதான் வலிக்கும். கூரைக்குக் கீழ படுக்கட்டும். வயிறு நெறையட்டும். அப்பத்தான் அவனுக்கும் அழுகை வரும்."

இத்தனை வருஷம் என்னோடு ஜெபித்தவள், என்னைவிடக் கொடுமையாக ஒன்றை நினைத்து வைத்திருந்தாள். அது கொடுமையா இரக்கமா என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

பொய் சொன்னதற்காக மூன்று மாசம் வேதம் வாசிக்க வேண்டாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். சூப்பு ஊற்றுகிறேன். சாப்பிட்டவர்களோடு பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். வாசிப்பது மூன்று மாசமாகக் குடிக்காத அந்த மனுஷன். என்னைவிட நன்றாகத்தான் வாசிக்கிறார்.

போன வாரம் விடுதியிலிருந்து ஆள் வந்தது. வால்டர் சாப்பிடுவதில்லை, உங்களைக் கேட்கிறார் என்றார்கள். போனேன். சவரம் செய்து, வெள்ளைத் துப்பட்டிக்குள் படுத்திருந்தான். காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர். நான் எதையும் சொல்ல வைக்கவில்லை. அவனாகத்தான் கேட்டான், தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக:

"அந்தக் குழந்தை. பையனா, பொண்ணா?"

குழந்தையைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

செல்லி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நின்றது.

"அவனாவே கேட்டானா?"

"அவனாவேதான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

அவள் மாவில் ஒரு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னும் ஒரு மாசம் கேக்கட்டும்," என்றாள். "அப்புறம் நானே போயிச் சொல்றேன்."